பின்பக்கம் உட்கார்ந்துபோன வண்டியும் இரண்டு கம்ப்ரஸர்களும்

முதல் கம்ப்ரஸர் போனபோது நான் பெரிதாகக் கவலைப்படவில்லை. வண்டிக்குப் பத்து வயதுக்கு மேல் ஆகியிருந்தது. ஏழு பேர் உட்காரும் பெரிய எஸ்யூவி. முன்னால் சாதாரண காயில் ஸ்பிரிங், பின்னால் மட்டும் காற்று சஸ்பென்ஷன், அதாவது ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றடைத்த பைகள்; அவற்றுக்குக் காற்று ஏற்றுவதுதான் இந்தக் கம்ப்ரஸர். ஒரு நாள் காலையில் பார்த்தால் பின்பக்கம் அப்படியே உட்கார்ந்திருந்தது. சாவி போட்டதும் வழக்கமாகக் கேட்கும் ‘கர்ர்’ சத்தமும் இல்லை. ஒர்க்‌ஷாப்பில் ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, “கம்ப்ரஸர் போச்சு சார், மாத்திடலாம்” என்றார்கள். மாற்றினோம். வண்டி எழுந்து நின்றது. எனக்கும் நிம்மதி.

அந்த நிம்மதி ஐந்து மாதம் நீடித்தது. அப்புறம் மறுபடி ஒரு காலை, மறுபடி அதே கோலம். இந்த முறை கம்ப்ரஸர் ஓடியது, சத்தமும் வந்தது. ஆனால் வண்டி எழவில்லை. அதே ஒர்க்‌ஷாப்பில் அதே பதில். “இந்தப் பீஸ் கொஞ்சம் மோசமா வந்திருக்கும் சார்.” எனக்கு அங்கேதான் உறுத்தியது. பத்து வருடம் ஓடிய சாமானுக்குப் பதிலாக வந்தது ஐந்து மாதத்தில் சாகுமா? சரி, மூன்றாவது கம்ப்ரஸர் வாங்குவதற்கு முன் என்ன நடக்கிறது என்று நானே பார்க்கிறேன் என்று வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

எனக்குத் தெரிந்த மூத்த மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். கனரக வண்டிகளின் காற்று சஸ்பென்ஷனில் பழகிய கை. நடந்ததைச் சொன்னதும், “தம்பி, காத்து எங்க போகுதுன்னு பாத்தீங்களா?” என்று மட்டும் கேட்டார். யாரும் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை.

இந்த அமைப்பு எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சக்கரங்களைத் தாங்கும் ஆக்சிலுக்கும் வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸுக்கும் நடுவே, காயில் ஸ்பிரிங் இருக்கவேண்டிய இடத்தில், இரண்டு ரப்பர் பைகள். பட்டறையில் பெல்லோ என்பார்கள், சிலர் பலூன் என்பார்கள். பையின் கீழ்ப்பாதி ஒரு உருளையின் மேல் காலுறையைச் சுருட்டியது போல மடிந்து இறங்கியிருக்கும். சக்கரம் ஏறி இறங்கும்போது அந்த மடிப்பு உருண்டுகொண்டே இருக்கும். காற்றைத் தருவது ஒரு சிறிய மின்சாரக் கம்ப்ரஸர். ஆக்சிலிலிருந்து வரும் ஒரு குட்டிக் கம்பி, உயரம் பார்க்கும் சென்சாரை ஆட்டும். உயரம் குறைந்தால் கம்ப்ரஸர் ஓடும், கூடினால் ஒரு வால்வு திறந்து காற்று வெளியேறும். அவ்வளவுதான்.

ஒரு சின்னக் கணக்கும் போட்டுப் பாருங்கள். ஒரு பை தாங்கும் எடை 600 கிலோ, எடையைத் தாங்கும் பரப்பு சுமார் 100 சதுர செ.மீ. என்று வைத்துக்கொண்டால், சதுர செ.மீ.க்கு 6 கிலோ அழுத்தம் வேண்டும். அதாவது ஏறக்குறைய 6 பார், டயர் காற்று கணக்கில் 85 பிஎஸ்ஐ. கார் டயரில் நாம் பிடிப்பதைப் போல இரண்டரை மடங்கு. இந்தக் கணக்கு எனக்குப் பின்னால் இரண்டு இடத்தில் உதவியது.

முதலில் காற்று போகும் இடம். ஒரு நோட்டும் டேப்பும் எடுத்துக்கொண்டேன். சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து அதற்கு நேர் மேலே வளைவின் விளிம்பு வரை அளக்கவேண்டும். தரையிலிருந்து அளந்தால் டயரில் காற்று குறைந்திருந்தாலும் கணக்கு மாறிவிடும். ஒர்க்‌ஷாப்காரர்களிடம் பேசி, புதிய கம்ப்ரஸர் வரும்வரை ஏற்கெனவே பயன்படுத்திய ஒன்றை இரவல் வாங்கி மாட்டிக்கொண்டு வண்டியை ஓட்டினேன். தினமும் இரவு 10 மணிக்கு ஒரு அளவு, காலை 6 மணிக்கு ஒரு அளவு. முதல் நாள்: இடது 512 மி.மீ., காலையில் 471. வலது 514, காலையில் 510.

வலப்பக்கம் இறங்கிய 4 மி.மீ.யைப் பார்த்ததும் அங்கேயும் ஓட்டை என்று நினைத்துவிட்டேன். அதற்குக் காரணம் வேறு. பையில் அடைபட்ட காற்று குளிர்ந்தால் சுருங்கும். மாலையில் 34 டிகிரி, விடியலில் 21 டிகிரி என்றால் கன அளவு நூற்றுக்கு நாலு பங்கு குறையும். எடை மாறாததால் அழுத்தம் அப்படியே இருக்கும், உயரம்தான் சில மில்லிமீட்டர் இறங்கும். லீக்கே இல்லாத வண்டியும் இரவில் இவ்வளவு இறங்கும். இது தெரியாமல் நல்ல பையை மாற்றியவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

இடப்பக்கம் 41 மி.மீ. இறங்கியது சந்தேகத்துக்கு இடமில்லாத லீக். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, சக்கர வளைவின் உள்பக்கப் பிளாஸ்டிக்கைக் கழற்றி, சோப்புத் தண்ணீர் அடித்துப் பார்த்தேன். டியூப் இணைப்புகள், பையின் மேல்மூடி, வால்வு, பையின் வெளிப்பக்கம் எங்கும் ஒரு குமிழி இல்லை. ஒர்க்‌ஷாப்பிலும் பிறகு ஒருமுறை சோப்பு அடித்துப் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை. “லீக் இல்ல சார்” என்று கையை விரித்தார்கள்.

நோட்டுதான் வழி காட்டியது. இரண்டு வாரக் குறிப்பைப் புரட்டினால், சில இரவுகளில் இடப்பக்கமும் வழக்கமான சில மில்லிமீட்டருக்கு மேல் இறங்கவே இல்லை. அந்த இரவுகளில் எல்லாம் வண்டி வேறு இடத்தில், சமதளத்தில் நின்றிருந்தது. வீட்டில் நிறுத்துமிடத்தில் மட்டும்தான் இறங்கியது. அங்கே இடது பின்சக்கரம் ஒரு மேடான விளிம்பின் மேல் ஏறி நிற்கும். மெக்கானிக் அண்ணனிடம் சொன்னேன். சிரித்தார். “வண்டி எங்க நிக்கும்போது இறங்குதோ, அங்க வெச்சு சோப்பு அடிங்க தம்பி. சமதளத்துல அடிச்சா அது எதுக்கு லீக் ஆகும்?”

அன்று மாலை அதே மேட்டில் நிறுத்தி, சேஸிஸுக்குக் கீழே இரண்டு பக்கமும் ஸ்டாண்டு வைத்தேன். பைக் காற்றை மட்டும் நம்பி நிற்கும் வண்டியின் கீழே தலையையோ கையையோ விடக்கூடாது. காற்று போனால் ஒரு நொடியில் இறங்கிவிடும். நீளக் குழாய் வைத்த தெளிப்பானும், கைப்பிடி உள்ள சின்னக் கண்ணாடியும், டார்ச்சும் எடுத்துக்கொண்டு சக்கர வளைவு வழியாகப் பார்த்தேன். பையின் உள்பக்கம், சேஸிஸைப் பார்த்த பக்கத்தில், கீழ் மடிப்பில், மெல்லிய நுரை ஒரு விரல் அகலத்துக்குப் பொங்கிக்கொண்டிருந்தது. விஷயம் இதுதான்: ரப்பரில் வெடிப்பு இருக்கும் வட்டம், வண்டி சம உயரத்தில் நிற்கும்போது நேராக, மூடியபடி இருந்திருக்கிறது. மேட்டில் சக்கரம் ஏறியதும் பை இன்னும் சில சென்டிமீட்டர் கீழே சுருண்டு, அந்த வெடிப்பு சரியாக மடிப்பின் முனைக்கு வந்து வாயைத் திறந்திருக்கிறது.

வெடிப்பு அங்கே வந்ததற்குக் காரணமும் அந்த மடிப்புதான். பத்து வருடம் உருண்டு வளைந்த இடம். டயர் வாரியிறைக்கும் மணல் உருளைக்கும் ரப்பருக்கும் நடுவே சிக்கி அரைக்கும். அந்தப் பகுதியை வருடத்துக்கு இரண்டு முறையாவது தண்ணீர் பீய்ச்சிக் கழுவியிருக்கலாம். அந்தப் பிளாஸ்டிக்குக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்றே எனக்கு அதுவரை தெரியாது.

இப்போது கம்ப்ரஸர்கள் ஏன் செத்தன என்பதற்கு வருவோம். லீக்கான காற்றை ஈடுகட்ட அது திரும்பத் திரும்ப ஓடியது என்பது சுலபமாகப் புரியும். பல வண்டிகளில், சாவியை எடுத்த பிறகும் கொஞ்ச நேரம் கண்ட்ரோல் யூனிட் விழித்திருந்து உயரத்தைச் சரிசெய்யும். நள்ளிரவில் பின்பக்கத்திலிருந்து ‘கர்ர்’ என்று கேட்டதை நான் பூனை என்று நினைத்திருக்கிறேன். பேட்டரி அடிக்கடி இறங்கியதற்கும் அதுவே காரணமாக இருந்திருக்கும்.

எனக்குத் தெரியாமல் இருந்தது டிரையர் விஷயம். கம்ப்ரஸரோடு ஒட்டியபடி ஒரு சின்ன டப்பா, உள்ளே ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிகள். வெளிக்காற்று உள்ளே போகும்போது ஈரத்தை இந்த மணிகளில் விட்டுவிட்டு உலர்ந்து பைக்குப் போகும். வண்டியைத் தாழ்த்தும்போது அதே உலர்ந்த காற்று, அதே டிரையர் வழியாகத் திரும்பி வந்து வெளியேறும். போகிற போக்கில் மணிகளில் இருந்த ஈரத்தையும் அள்ளிக்கொண்டு போகும். மணிகள் மறுபடி காய்ந்துவிடும். அழகான ஏற்பாடு. ஆனால் காற்று பையின் வெடிப்பு வழியாகவே போய்விட்டால், டிரையருக்கு ஈரம் வந்துகொண்டே இருக்கும், திரும்பிப் போகாது. அப்புறம் மணிகள் ஊறி, கட்டி தட்டி, உடைந்து பொடியாகும். ஈரமும் பொடியும் சேர்ந்து வால்வுகளுக்குள் போகும். ஆக, பையில் இருந்த ஒரு விரல் அகல வெடிப்பு, மோட்டாரை ஒரு பக்கமும் டிரையரை இன்னொரு பக்கமும் தின்றிருக்கிறது.

பைகளை மாற்ற ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை எடுத்தது. இரண்டையும் மாற்றினேன். வலது பையில் லீக் இல்லையே என்று வீட்டில் கேள்வி வந்தது. கழற்றிய பிறகு அந்த வலது பையைக் கையால் வளைத்துக் காட்டினேன். மடிப்பு முழுவதும் மயிரிழை வெடிப்புகள். அதற்குப் பிறகு கேள்வி வரவில்லை.

வேலையைத் தொடங்கியதுமே ஒரு தப்பு செய்தேன். இந்த அமைப்பை அணைத்துவிட்டுத்தான் வண்டியைத் தூக்கவேண்டும். சில வண்டிகளில் அதற்கென்றே ஒரு ஸ்விட்ச் இருக்கும், இல்லாவிட்டால் ஃபியூஸைப் பிடுங்கிவிடலாம். நான் மறந்துவிட்டேன். ஜாக்கியில் சேஸிஸ் உயர்ந்ததும் சக்கரங்கள் தொங்கின. சென்சார் என்ன நினைக்கும்? பின்பக்கம் அளவுக்கு மேல் உயர்ந்துவிட்டது என்று. ‘ஸ்ஸ்ஸ்’ என்று மொத்தக் காற்றையும் வெளியே விட்டது. பழைய பை என்பதால் நஷ்டம் இல்லை. நல்ல பையாக இருந்து, காற்றில்லாத நிலையில் அப்படியே வண்டியை இறக்கியிருந்தால், ரப்பர் கோணலாக மடிந்து நசுங்கியிருக்கும். பஞ்சருக்கு டயர் மாற்றும்போதுகூட இதை நினைவில் வைக்கவேண்டும். ஸ்டெப்னி மாட்டப் போய்ப் பையைக் கிழித்துக்கொள்ள வாய்ப்பிருக்கிறது.

என் வண்டியில் பையின் தலையில், மின்சாரத்தில் திறந்து மூடும் ஒரு சோலனாய்டு வால்வு. கிளிப்பை எடுத்துவிட்டு முதல் நிறுத்தம் வரை திருப்பினால் மிச்சக் காற்று மெதுவாக வெளியேறும். சத்தம் முழுதாக நின்ற பிறகே இரண்டாவது நிறுத்தத்துக்குத் திருப்பி வெளியே எடுக்கவேண்டும். 6 பார் அழுத்தம் உள்ளே இருக்கும்போது அவசரப்பட்டால் வால்வு தெறித்துவிடும். கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். வால்வில் இரண்டு ஓ-ரிங், காற்று கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையங்கள். இரண்டையும் புதிதாக மாற்றி, சிலிகான் கிரீஸ் லேசாகத் தடவினேன். கையில் கிடைத்த சாதாரண கிரீஸை ரப்பரில் தடவ வேண்டாம், ஊதிப்போகும்.

புதுப் பையைப் பொருத்தும்போது அவசரப்படாமல் இருக்கவேண்டிய இடம் ஒன்று உண்டு. பை முறுக்கிக்கொண்டு உட்காரக்கூடாது. மேலும், சக்கரம் தொங்கும் நிலையில் அதில் காற்று ஏற்றக்கூடாது. எதிர்த்து அழுத்த எடை இல்லாவிட்டால் பை அளவுக்கு மேல் நீண்டு, மூடியை விட்டுப் பிய்த்துக்கொள்ளும். அதே சமயம் காற்றே இல்லாமல் எடையையும் வைக்கக்கூடாது. நடுவழி: சேஸிஸை ஸ்டாண்டில் விட்டுவிட்டு, இன்னொரு ஜாக்கியால் ஆக்சிலை மட்டும் ஏறக்குறைய வண்டி நிற்கும் உயரத்துக்குத் தூக்குங்கள். ஸ்கேனர் (வண்டியின் கண்ட்ரோல் யூனிட்டோடு இணைத்துக் கட்டளை கொடுக்கும் கருவி) வழியாகக் கொஞ்சம் காற்று விடுங்கள். மடிப்பு சுற்றிலும் ஒரே சீராக உருண்டிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். அதன் பிறகு மெல்ல எடையை இறக்குங்கள். நான் இந்த ஒரு கட்டத்துக்கு மட்டும் ஒரு மணி நேரம் செலவழித்தேன், அதில் வருத்தமில்லை.

மறுநாள் காலை ஆசையாக டேப்போடு போனால், இடப்பக்கம் 15 மி.மீ. இறங்கியிருந்தது! நெஞ்சு அடைத்துவிட்டது. இந்த முறை சோப்பு அடித்ததும் குமிழி உடனே தெரிந்தது, டியூப் இணைப்பில். தப்பு என்னுடையதுதான். நைலான் டியூபைப் பிடித்திருந்த பழைய இணைப்பின் பற்கள் பதிந்த தழும்பு முனையில் அப்படியே இருந்தது. அந்தக் கீறல் வழியாகக் காற்று ஓ-ரிங்கைத் தாண்டி வருகிறது. புது பிளேடால் ஒரு சென்டிமீட்டர் நேராக, சாய்வில்லாமல் வெட்டி, மறுபடி கடைசிவரை அழுத்திச் சொருகினேன். நின்றுவிட்டது. கத்தரிக்கோலால் வெட்டினால் டியூப் நசுங்கி முட்டை வடிவாகிவிடும், அதுவும் லீக்தான்.

அடுத்தது கம்ப்ரஸர். இரவல் வாங்கியதைத் திருப்பித் தரவேண்டும். என்னிடம் செத்துப்போனவை இரண்டு இருந்தன. முதலாவதைத் திறந்தால் மோட்டாரின் கார்பன் பிரஷ் தேய்ந்து தீர்ந்திருந்தது, சிலிண்டர் சுவரில் கோடு கோடாகக் கீறல். அதைக் காப்பாற்ற வழியில்லை. இரண்டாவது, ஓடியும் தூக்காதது. அதன் வெளிக்குழாயில் அழுத்தமானி மாட்டி ஓட்டினேன். முள் 4 பாரில் நின்றுவிட்டது. எனக்குத் தேவை 6. இரண்டு நிமிடம் அல்ல, இருபது நிமிடம் ஓட்டினாலும் வண்டி எழாது, மோட்டார்தான் வேகும். திறந்தால் பிஸ்டனின் டெஃப்ளான் ரிங் தேய்ந்து கருப்புப் பொடியாக இருந்தது. சிலிண்டர் சுவர் மட்டும் வழுவழுப்பாக இருந்தது. ரிங் தனியாகக் கிடைக்கிறது, மாற்றினேன். டிரையர் மணிகளைக் கொட்டினால் ஈர மாவு போல விழுந்தது. புது மணிகளை நிரப்பினேன். டியூப்களைக் கழற்றி உலர்ந்த காற்றால் ஊதியதில், வால்வு பக்கத்திலிருந்து இன்னும் ஒரு சிட்டிகைப் பொடி வந்தது. இதை ஊதாமல் விட்டிருந்தால், அது வெளியேற்றும் வால்வில் போய் உட்கார்ந்து அடுத்த லீக்கை ஆரம்பித்திருக்கும். இந்த முறை முள் 10 பாரைத் தாண்டியது. சிலிண்டரில் கீறல் இருந்தால் ரிங் மாற்றுவது வீண், நேராகப் புதுசுக்குப் போய்விடுங்கள்.

கம்ப்ரஸரோடு, அதற்கு மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் ரிலேயையும் மாற்றிவிடுங்கள். சின்னச் சாமான்தான். ஆயிரக்கணக்கான தடவை தீப்பொறி கண்ட உலோக முனைகள் ஒருநாள் ஒட்டிக்கொண்டால், யாரும் சொல்லாமலே மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும், எரியும்வரை. காற்று இழுக்கும் குழாய் எங்கே போகிறது என்றும் பாருங்கள். என் வண்டியில் அது கழன்று, சக்கரம் அடிக்கும் சேற்றுப் பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது. யார் கழற்றியது, எப்போது என்று கேட்டுப் பயனில்லை. திரும்ப மேலே கொண்டுபோய்க் கட்டினேன்.

கடைசியாக உயரத்தை ஸ்கேனரில் பதிவுசெய்யும் வேலை. சமதளத்தில் நிறுத்தி, டயரில் சரியான காற்று வைத்து, கையேட்டில் சொன்ன அளவுக்கு வண்டியைக் கொண்டுவந்து ‘இதுதான் உன் உயரம்’ என்று சொல்லிக்கொடுக்கவேண்டும். இதை விட்டுவிட்டால் ஹெட்லைட் வெளிச்சம்கூட எதிரே வருபவர் கண்ணிலோ, பம்பருக்கு முன்னாலோ விழும்.

இந்தத் தொல்லையே வேண்டாம், காயில் ஸ்பிரிங்குக்கு மாற்றிவிடு என்று மூன்று பேராவது சொன்னார்கள். புதிய யோசனையும் இல்லை. 1957-இல் காடிலாக் எல்டோராடோ புரோஹாம் நான்கு சக்கரத்துக்கும் காற்று ஸ்பிரிங்கோடு வந்தது. பின்னாளில் அதன் உரிமையாளர்கள் பலர் காயிலுக்கு மாறினார்கள். வண்டியில் எப்போதும் இரண்டு மூன்று பேர்தான், சுமை கிடையாது என்றால் நானும் மாறச் சொல்வேன். நான் மூன்று வரிசையும் நிரப்பி, பின்னால் டிரெய்லரும் கட்டி ஓட்டுகிறவன். காயில், காலி வண்டிக்குச் சரியாக இருந்தால் சுமையில் உட்கார்ந்துவிடும். சுமைக்குச் சரியாக இருந்தால் காலி வண்டியில் முதுகை உடைக்கும். டாஷ்போர்டில் எரியும் எச்சரிக்கை விளக்கை ஏமாற்ற ஒரு தனிக் கருவி வேறு வாங்கவேண்டும். அது எனக்குப் பிடிக்கவில்லை.

பழைய ஒர்க்‌ஷாப்பில் அடுத்த முறை ஆயில் மாற்றப் போனபோது, வெட்டி எடுத்த பையின் துண்டைக் கொண்டுபோய்க் காட்டினேன். அங்கே வேலை கற்கும் பையன் ஒருவன் அதை வாங்கி வளைத்து வளைத்துப் பார்த்தான். “இதை நான் வெச்சுக்கவாண்ணா?” என்றான். கொடுத்துவிட்டேன்.

நோட்டை இன்னும் மூடவில்லை. நேற்று இரவு வேண்டுமென்றே அந்த மேட்டில் ஏற்றி நிறுத்தினேன். காலையில் இடது 3 மி.மீ., வலது 4 மி.மீ. சென்சார் கம்பியின் உருண்டை மூட்டில் லேசாக ஆட்டம் இருக்கிறது. அதற்கு ஒரு புதுக் கம்பி சொல்லி வைத்திருக்கிறேன்.